துணை வண்டியுடன் ஒரு நாள்: ஈப்போவிலிருந்து தைப்பிங் வரை

நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் துணை வண்டி மிதிப்பவரின் பின்னால் ஊர்ந்து வரக்கூடாது. அவருக்கு முன்னால் போய், சொன்ன இடத்தில் காத்திருக்க வேண்டும். புதிதாகக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் இதைத்தான் மாற்றிச் செய்கின்றன. பேராக்கின் பழைய கூட்டரசு சாலை பல இடங்களில் போக ஒரு தடம், வர ஒரு தடம் மட்டுமே உள்ளது. அதில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வேன் ஊர்ந்தால், சற்று நேரத்தில் பத்துக் கார்கள் பின்னால் சேர்ந்துவிடும். பொறுமை இழந்த ஒருவர் இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்துவார். எதிரே லோரி வந்தால் இடப்பக்கம் ஒடிப்பார். அங்கேதான் சைக்கிள் இருக்கும். பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்திலும் துணை வண்டி குறிப்பிட்ட சாவடிகளில் மட்டுமே உதவலாம். இடைவழியில் உதவினால் தண்டனை உண்டு.

இந்த இயலில் எடுத்துக்கொண்டது ஒரு நாள், ஒரு வழி: ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ், தைப்பிங். பழைய சாலையில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். தோட்டப் பாதைகளில் புகுந்து வெளிவந்தால் இன்னும் 10 முதல் 15 வரை கூடும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இந்த வழிக்குப் பக்கத்திலேயே ஓடினாலும் அதில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பச்சைப் பலகை கண்டால் அது நெடுஞ்சாலைக்கான வழி. மிதிப்பவர் நீலப் பலகையைப் பார்த்தே போக வேண்டும். வேன் ஓட்டுபவரின் கைப்பேசி வழிகாட்டியிலும் ‘டோல் சாலை வேண்டாம்’ என்ற அமைப்பைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அவரை நெடுஞ்சாலையில் ஏற்றிவிடும். அடுத்த வெளிவாசல் வரும்வரை அவர் இறங்க முடியாது.

நேரக் கணக்கு

பேராக்கில் சூரியன் ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பிறகோதான் எழும். உச்சிக்கு வருவதும் 12 மணிக்கு அல்ல. 1 மணிக்கும் 1.30க்கும் இடையில். ஆகவே காலை 11 மணி வெயில் இங்கே தாங்கக்கூடியதுதான், 2 மணி வெயில் அப்படியல்ல. இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். தைப்பிங் தீபகற்பத்திலேயே மழைக்குப் பேர்போன ஊர் என்பதால், அன்றைய நாளின் கடைசிப் பகுதிதான் நனையும் பகுதி. கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும்:

1. தைப்பிங் சேர்வது பிற்பகல் 2.30.
2. கோலகங்சாரை விட்டுக் கிளம்புவது 11.30, அதற்குப் பிந்தக்கூடாது.
3. கோலகங்சார் சேர்வது 10.45.
4. சுங்கை சிப்புட் சேர்வது 9 மணிக்குள்.
5. ஈப்போவில் புறப்பாடு 7.15, முழு வெளிச்சம் வந்த பிறகு.

தோட்டத்துக்குள் போவதானால் ஒரு மணி நேரம் கூட்டி, தைப்பிங்கை விட்டுவிட்டு கோலகங்சாரிலேயே இரவு தங்குவது நல்லது. இரண்டையும் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும்.

முந்தைய இரவு

பொருள்கள் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். வேன் இல்லாமலே அரை மணி நேரம் சமாளிக்கத் தேவையானவை சைக்கிளில், மற்றவை வேனில்.

சைக்கிளில்: ஒரு டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் பட்டை இரண்டு, தண்ணீர்ப் புட்டி இரண்டு, பின்விளக்கு, அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை வெள்ளி, ஓட்டுநரின் எண் எழுதிய தாள். எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், மழையில் நனைந்து கைப்பேசி அணைந்த நேரத்தில் அது உதவாது.

வேனில்: பத்து லிட்டர் குடிநீர், ஐஸ் பெட்டி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், முதலுதவிப் பெட்டி, கூடுதல் டயர், டியூப்கள், சங்கிலி எண்ணெய், பழைய துணி, துண்டு, மாற்றுச் சட்டை, முக்கோண எச்சரிக்கைப் பலகை. புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே ஒரு பை இருந்தால் நல்லது. வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்ய, இனிப்புக் கட்டிகளைவிட வறுத்த கடலையும் முறுக்கும் நாக்குக்கு ஒத்துப்போகும்.

பொதுவான தவறு: சைக்கிள் மாட்டும் கொக்கியை வேனின் பின்புறம் பொருத்தி, எண் பலகையையும் பின்விளக்குகளையும் மறைத்துவிடுவது. மாட்டிய பிறகு ஒருவர் பின்னால் பத்தடி நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

படுக்கப் போகுமுன் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வரக்கூடும். குறியீடு 100-ஐத் தாண்டினால் நீண்ட தூரம் மிதிக்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர் வேனில் உட்கார்ந்து வருவதே சரி.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்

பசியாறுவதைப் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும்; ஆனால் வயிறு முட்ட அல்ல. இரண்டு இட்லியோ ஒரு ரொட்டி சானாயோ போதும். நாசி லெமாக்கைக் கோலகங்சாருக்கு விட்டுவிடலாம்.

ஊரை விட்டு வடக்கே போகும் கோலகங்சார் சாலையில் முதல் பத்துக் கிலோமீட்டரும் நகரப் போக்குவரத்துதான். பேராக் தோங் குகைக்கோயில் இருக்கும் சுண்ணாம்புக் குன்றைத் தாண்டும்வரை வேன் முன்னே போய் நிற்பதில் பயனில்லை. நிறுத்த இடமும் கிடைக்காது. ஓட்டுநர் நேரே செம்மோருக்குப் போய்விடலாம். பள்ளி நாள்களில் 7.15 முதல் 7.45 வரை பள்ளிப் பேருந்துகளும், பிள்ளைகளை இறக்கிவிடும் கார்களும் சாலையோரத்தில் திடீர் திடீரென நிற்கும். நின்ற காரின் கதவு திறக்கும் அகலத்தை விட்டு விலகியே மிதிக்க வேண்டும்.

செம்மோரைத் தாண்டி காந்தான் பக்கம் சிமெண்ட் ஆலை, கல்லுடைக்கும் இடங்கள். கல் லோரிகள் சிந்திய பொடிக்கல் சாலையோரத்தில் படிந்திருக்கும். ஓரக் கோட்டுக்கு வெளியே போனால் டயர் குத்தும். உள்ளே வந்தால் லோரி உரசும். கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே, வளையாமல், ஒரே கோடாக மிதிப்பதுதான் வழி. ஓரத்திலேயே எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஞாயிறு காலையில் லோரி குறைவு. முதல் பயணத்துக்கு அந்த நாளே ஏற்றது.

முந்திப் போய் நிற்கும் முறை

1. அடுத்து நிற்கும் இடத்தை, இப்போது நிற்கும் இடத்திலேயே இருவரும் பேசி முடிக்க வேண்டும். ‘பத்துக் கிலோமீட்டர் தள்ளி’ என்று சொன்னால் போதாது. ‘இடது பக்கம் வரும் முதல் பெட்ரோல் நிலையம்’ என்று ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும்.
2. காலையில் 15 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். 11 மணிக்கு மேல் 8 முதல் 10 கிலோமீட்டருக்கு ஒன்று.
3. நிற்கும் இடம் எப்போதும் சாலையின் இடப்பக்கம். வலப்பக்கம் வேன் நின்றால், களைத்துப்போன ஒருவர் தண்ணீருக்காகச் சாலையைக் குறுக்கே கடப்பார்.
4. மேட்டின் உச்சி, வளைவின் உட்புறம், பாலத்தின் முனை ஆகிய மூன்றிலும் நிற்கக்கூடாது. மேட்டைத் தாண்டி இருநூறு மீட்டர் கழித்து நின்றால் பின்னால் வருபவர்களுக்கு வேன் தெரியும்.
5. மிதிப்பவர் வருவதற்குள் புட்டிகள் நிரம்பி, வேனின் பின்கதவு திறந்திருக்க வேண்டும். நிறுத்தம் ஐந்து நிமிடம். உட்கார்ந்தால் பதினைந்து ஆகிவிடும்.
6. கிளம்பும்போது மிதிப்பவர் முதலில். வேன் பத்து நிமிடம் கழித்து. ஓட்டுநர் அவரைக் கடக்கும்போது ஒருமுறை மட்டும் மெதுவாக ஹாரன் அடிக்கலாம். பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பேசுவது, சன்னல் வழியாகப் புட்டி நீட்டுவது இரண்டும் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் வேனில் நான்கு விளக்குகளையும் சேர்த்து மின்னவிடுவது நம்மவர்களிடம் பரவலான பழக்கம். அதனால் வேன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகிறது. நின்ற வண்டிக்குத்தான் அந்த விளக்கு.

ஓட்டுநரின் நாளும் கடினமானதுதான். மொத்தம் இரண்டு மணி நேரம் ஓட்டி, ஐந்து மணி நேரம் காத்திருக்கும் வேலை; தூக்கம் தானாக வரும். சன்னலை மூடி, இஞ்சினை ஓடவிட்டு, குளிரூட்டியில் கண்ணயர்வது உயிருக்கே ஆபத்து. புகைநச்சு மணமில்லாமல் உள்ளே வரும். தூங்க வேண்டுமானால் இஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்து, நிழலில்.

தோட்டப் பாதைக்குள்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்கள் நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றவை. 1948 ஜூன் 16-ல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கொல்லப்பட்டதை அடுத்தே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தனும் இந்த ஊர்க்காரர். லயங்கள் பலவும் போய்விட்டன. ரப்பர் நின்ற இடத்தில் பெரும்பகுதி இப்போது செம்பனை. சில இடங்களில் வீடமைப்பு. மாரியம்மன் கோயில்கள் மட்டும், குடியிருந்தவர்கள் போன பிறகும், பல இடங்களில் நிற்கின்றன.

தோட்டம் தனியார் நிலம். வாசலில் ஜாகா இருந்தால் அவரிடம் கேட்டே நுழைய வேண்டும். அவர் மறுத்தால் திரும்பிவிட வேண்டும். உள்ளே போக அனுமதி கிடைத்தாலும் வேன் வாசலிலேயே நிற்கட்டும். செம்மண் பாதையில் சக்கரம் புதைந்தால் இழுக்க டிராக்டர்தான் வரவேண்டும்.

வழி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. ‘இந்தப் பாதையில போகலாமா ஐயா?’ என்று கேட்டால், வந்தவரை ஏமாற்ற மனமில்லாமல் ‘போகலாம், போகலாம்’ என்பார்கள். ‘நேத்து மழைக்குப் பிறகு இதுல லோரி போச்சா?’ என்று கேட்டால் சரியான பதில் வரும். லோரி போகாத பாதையில் சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் எல்லாத் திசையும் ஒன்றாகத் தோன்றும். ஒரே உயரத்தில் மரங்கள், ஒரே அளவில் குறுக்குப் பாதைகள்; கைப்பேசி அலையும் பல இடங்களில் கிடைக்காது. இங்கே உதவுவது ஒவ்வொரு காட்டுப் பகுதியின் முனையிலும் நட்டிருக்கும் சிறு பலகை. அதில் பகுதியின் எண், நட்ட ஆண்டு, பரப்பளவு எழுதியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டால் திரும்பும் வழி கையில் இருக்கும். அலை கிடைக்கும் இடம் வந்ததும் அந்த எண்ணையே ஓட்டுநருக்கு அனுப்பலாம். ஜாகாவிடம் காட்டினால் அவர் இடத்தைச் சொல்லிவிடுவார்.

கவனிக்க வேண்டியவை:

• செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் முள். வெட்டிய மட்டை பாதையில் கிடந்தால் இறங்கித் தாண்ட வேண்டும். அடுக்கி வைத்த மட்டைக் குவியலில் உட்காரக்கூடாது. எலி தேடி வரும் பாம்புக்கு அது வீடு.
• குலை வெட்டுபவர் தெரிந்தால் தூரத்திலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும். நீளக் கம்பில் கட்டிய அரிவாள் மேலே இருக்கும்போது அவர் கீழே பார்ப்பதில்லை. விழும் மட்டையும் குலையும் ஆளைக் கொல்லும் எடை.
• பாதையில் உதிர்ந்த செம்பனைப் பழங்கள் நசுங்கி எண்ணெய்ப் பசையாகும். அதன் மேல் பிரேக் பிடிக்கக்கூடாது. முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.
• ரப்பர் காடு மிஞ்சியிருக்கும் இடங்களில், காய் வெடிக்கும் காலத்தில் கொட்டைகள் பாதையெங்கும் உருளும். மெல்லிய டயருக்கு அவை கோலிக்குண்டுகள்தாம்.
• பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலையுதிர்க்கும். நிழலை நம்பி வழி போட்டவர் அப்போது முழு வெயிலில் மிதிப்பார்.
• நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடப்பது நல்லது. வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும்.

கோயிலில் இளைப்பாறலாம். குழாய்த் தண்ணீரைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம், சேறு கழுவக்கூடாது. சைக்கிளைச் சூலத்திலோ பலிபீடத்திலோ சாய்க்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் படம் எடுக்கும் ஆசையில் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். திருவிழா நாளாக அமைந்தால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். அன்றைய நேரக் கணக்கை அங்கேயே கைவிடுவது மரியாதை.

ஒருவரை ஒருவர் காணாவிட்டால்

இந்தப் பகுதியைப் பயணத்துக்கு முன் ஓட்டுநரும் மிதிப்பவரும் சேர்ந்து படித்து ஒத்துக்கொள்ள வேண்டும். வழியில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. காணாமல் போகும் நேரத்தில் பேசத்தான் வழியிருக்காது.

1. குறித்த நேரம் கடந்து 20 நிமிடம் வரை ஓட்டுநர் இடத்தை விட்டு அசையக்கூடாது. மிதிப்பவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.
2. 20 நிமிடம் ஆனதும், வந்த வழியிலேயே மெதுவாகத் திரும்பி, முந்தைய நிறுத்தம் வரை போக வேண்டும். குறுக்கு வழி கூடாது. மிதிப்பவர் அதற்குள் வந்துவிட்டால் தெரிவதற்காக, காத்திருந்த கடையில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.
3. மிதிப்பவர் வழி தவறியதாக உணர்ந்தால், முன்னால் போய்ச் சரிசெய்ய முயலக்கூடாது. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி, அங்கேயே நிற்க வேண்டும்.
4. முந்தைய நிறுத்தத்திலும் ஆள் இல்லை, அழைப்பும் போகவில்லை, ஒரு மணி நேரம் கடந்துவிட்டது என்றால் 999. கூட்டரசு சாலையில் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல்லில் சாலை எண்ணும் தூரமும் இருக்கும். அதைப் படித்துச் சொன்னால் இடம் தெளிவாகிவிடும்.

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் தேடிப் புறப்படுவதுதான் மிகப் பெரிய தவறு. ஒருவர் நகரும்போது மற்றவர் நிற்க வேண்டும்.

ஆற்றைக் கடப்பது, கோலகங்சாரில் முடிவெடுப்பது

சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே சாலாக் உத்தாராவைக் கடந்தால் பேராக் ஆறு. 1900-ல் திறந்த விக்டோரியா ரயில் பாலத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை. அதன் ஓர நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். வேனுக்கு அதில் வழியில்லை. சாலைப் பாலம் வழியாகச் சுற்றி மறுகரைக்கு வரவேண்டும். அன்றைய நாளில் இருவரும் வெவ்வேறு வழியில் போகும் ஒரே இடம் இது. ஆகவே மறுகரையில் சந்திக்கும் இடத்தைப் படத்தில் தொட்டுக் காட்டி உறுதிசெய்த பிறகே பிரிய வேண்டும். நடைபாதை திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே உள்ளூரில் கேட்டுக்கொள்வது நல்லது. சந்தேகமிருந்தால் இருவரும் சாலைப் பாலத்திலேயே போகலாம்.

கோலகங்சாரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் நிற்கும் ரப்பர் மரம், 1877-ல் நாட்டுக்கு வந்த முதல் கன்றுகளில் எஞ்சியதாகக் காட்டப்படுவது. காலையில் கடந்து வந்த தோட்டங்கள் தொடங்கிய இடம் என்று அதைச் சொல்லலாம். பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மிதிப்பவர் உற்சாகத்தில் இருக்கும்போதே, தைப்பிங் போவதா தங்குவதா என்பதை முடிவு செய்ய வேண்டும். கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தங்குவதே சரி:

• மணி 11.30-ஐத் தாண்டிவிட்டது.
• மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்து உயர்ந்திருக்கிறது.
• காலையிலிருந்து மிதிப்பவர் ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை, அல்லது அது அடர்மஞ்சளாக இருக்கிறது.
• தலைவலி, குமட்டல், வெயிலில் சிலிர்ப்பு.

இந்த முடிவை எடுக்கும் உரிமை ஓட்டுநருக்கே இருக்க வேண்டும். மிதிப்பவர் பெரும்பாலும் ‘முடியும்’ என்றே சொல்வார். ஓட்டுநர் வயதில் இளையவராக இருந்தால், ‘அண்ணே, இன்னைக்கு இது போதும்’ என்று அவர் சொன்னதும் மறுபேச்சின்றி வேனில் ஏறுவதாக முன்பே வாக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

வெயிலும் இடியும்

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். இரண்டு புட்டிக்கு ஒன்றில் உப்புச்சர்க்கரைக் கரைசல். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் உடம்பின் உப்பைக் குறைத்து மயக்கம் தரும். மிதிப்பவர் உளறினாலோ, கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொன்னாலோ, நேராக நிற்காமல் தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு. முதலில் நிழலில் கிடத்தி, ஐஸ் பெட்டித் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே 999-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

மின்னல் தெரிந்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் பயணத்தை நிறுத்த வேண்டும். கதவு மூடிய வேன் பாதுகாப்பான இடம். தனிமரத்தடியும் ஓலைக்கூரைப் பேருந்து நிழற்குடையும் அல்ல. ரப்பர் மரம் காற்றில் எளிதில் முறியும் என்பதால் அதன் அடியிலும் ஒதுங்கக்கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மீண்டும் கிளம்பலாம்.

புக்கிட் பெராப்பிட்

பாடாங் ரெங்காஸ் வரை சாலை தட்டையாகவே இருக்கும். அதன் பிறகு புக்கிட் பெராப்பிட் ஏற்றம். உயரம் பெரிதல்ல, பிற்பகல் களைப்பில்தான் பெரிதாகத் தெரியும். ஏற்றம் தொடங்கும் முன் ஒரு நிறுத்தம் போதும். அடுத்த நிறுத்தம் இறக்கம் முடிந்த பிறகு, புக்கிட் கந்தாங் பக்கம். நடுவில் வளைவுகளில் வேன் நிற்க இடமில்லை.

ஏறும்போது கியரை முன்கூட்டியே குறைத்து, உட்கார்ந்தபடி மிதிக்க வேண்டும். இறங்கும்போது வளைவுக்கு முன் பிரேக், வளைவுக்குள் பிரேக் இல்லை. மழை பெய்து ஓய்ந்த சாலையில் இறங்க நேர்ந்தால் வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறக்கூடாது. ஈரத்தில் அது வழுக்கும். சைக்கிளை வேனில் ஏற்றி இறக்கத்தைக் கடந்தாலும் குறைவொன்றுமில்லை. சங்காட் ஜெரிங்குக்குப் பிறகு போக்குவரத்து மீண்டும் கூடும். தைப்பிங் ஊருக்குள் கடைசி நிறுத்தம் தங்கும் விடுதியே.

சேர்ந்த பிறகு

1. முதலில் உலர்ந்த சட்டை, பிறகு சாப்பாடு. நனைந்த உடையோடு குளிரூட்டிய கடையில் உட்காரக்கூடாது.
2. செம்மண் பட்ட சங்கிலியை அன்றே துடைத்து எண்ணெய் விட வேண்டும்; இரவு காய்ந்தால் காலையில் அரைக்கும்.
3. இரண்டு டயர்களையும் சுற்றித் தடவி, செருகியிருக்கும் முள்ளையும் கல்லையும் எடுக்க வேண்டும். மெதுவாகக் காற்று இறங்கும் டியூப் அடுத்த நாள் காலைதான் தெரியவரும்.
4. பிரேக் கட்டையில் ஒட்டிய எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும்.
5. வேனில் தீர்ந்தவற்றை ஓட்டுநர் எழுதிவைத்து, கடை மூடுமுன் வாங்கி, எண்ணெயும் நிரப்பிவிட வேண்டும்.
6. அடுத்த நாளின் முதல் மூன்று நிறுத்தங்களையும் இருவரும் சேர்ந்து படத்தில் குறித்துவிட்டுப் படுக்கப் போக வேண்டும்.